லொலி மாமியைப் படைத்த சில்வியா வார்ணர்

மாயமும் மந்திரமும் மலிந்த கதைகளிலே மூதாட்டிக்கு வாய்ப்பது பெரும்பாலும் இழிந்த இடமே. கதைத்தலைவியாக வருபவள் பதினாறு வயதுப் பாவை. வயது முதிர்ந்தவளோ அவளுக்கு நஞ்சூட்டும் சூனியக்காரி, அன்றேல் அடுப்பங்கரையிலிருந்து அறிவுரை கூறிவிட்டு மறையும் கிழவி. நரை கண்ட ஒருத்திக்கும் ஆசையுண்டு, அச்சமுண்டு, அவள் வாழ்விலும் காவியத்துக்குரிய திருப்பம் ஒன்று நேரலாம் என்பதைக் கதாசிரியர்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்த்தாரல்லர். நவீன நகரத்தின் தெருக்களிலே மாயம் புகுந்து விளையாடுவதாகப் புனையும் நாவல்வகைக்கு ஆங்கிலத்திலே 1980 களில் தனிப்பெயர் நிலைபெற்றது. நடுவயது கடந்த மாதரைத் தலைவியராகக் கொண்ட நூல்களும் இன்று அவ்வகையில் உள. எனினும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1926 ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரிற் குடும்பத்துக்கு உழைத்துச் சலித்த நாற்பத்தேழு வயதுக் கன்னியொருத்தியை மாயக்கதையின் தலைவியாக்கித் துணிந்து எழுதிய ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரே சில்வியா ரவுன்சென்ட் வார்ணர் அம்மையார்.

அம்மையார் 1893 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 6 ஆந் திகதி, இலண்டனை அடுத்த ஹரோ என்னுமூரிற் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ரவுன்சென்ட் வார்ணர் புகழ்பெற்ற ஹரோ கல்லூரியிலே வரலாறு கற்பித்த ஆசிரியர். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. சிறுவர் பள்ளியிலே ஆசிரியைமாரைப் போல நடித்துக் காட்டிய குறும்புக்காக விலக்கப்பட்டார் என்பர். அதன்பின் அவருக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த அப்பெருங் கல்லூரியின் நிழலிலேயே வளர்ந்தும், அதன் வாயிலுக்குள் மாணவியாக நுழைய வழியற்றிருந்த அப்பெண், தந்தையாரின் நூலகத்தையே தன் கல்லூரியாக்கிக் கொண்டாள். வரலாற்று ஆவணங்களை நுணுகிப் படிக்கும் பழக்கமும், எதனையும் எள்ளலோடு நோக்கும் பார்வையும் அங்கு வாய்த்தவையே.

முதலில் அவர் உள்ளம் நாடியது இசையை. வியன்னா நகர் சென்று ஷேர்ன்பேர்க் என்னும் பேராசானிடம் இசையமைப்புக் கற்கும் எண்ணம் இருந்ததென்பர். 1914 இல் மூண்ட பெரும்போர் அவ்வழியை அடைத்துவிட்டது. போர்க்காலத்திலே வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றில் அவர் வேலை செய்தார். அவ்வனுபவம்பற்றி எழுதிய கட்டுரை 1916 இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் தந்தையார் காலமானார். தாயோடு ஒத்துப் போகாத மகள் இலண்டனுக்கு வந்து, பேஸ்வாட்டர் பகுதியிலே சிறு இருப்பிடம் ஒன்றில் தனித்து வாழத் தலைப்பட்டார்.

அங்கே அவருக்குச் சோறிட்ட தொழில் பழைய இசையே. தியூடர் மன்னர் காலத்துத் தேவாலய இசையைச் சுவடிகளிலிருந்து பெயர்த்துப் பதிப்பிக்கும் பெரும்பணி அக்காலத்திலே தொடங்கியிருந்தது. அப்பதிப்பாசிரியர் குழுவில் ஆடவர்க்கிடையே ஒரேயொரு பெண்ணாக அம்மையார் அமர்ந்தார். பத்துப் பெருந்தொகுதிகளாக ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக 1920 களில் அவை வெளிவந்தன. நானூறு ஆண்டுக்கு முற்பட்ட ஏடுகளின் மங்கிய குறிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்த அப்பயிற்சி வீண்போகவில்லை. அவருடைய உரைநடையில் ஒரு சொல்லும் மிகையாய் நில்லாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

முதற் கவிதைத் தொகுதி 1925 இல் வெளிவந்தது. அதனை வெளியிட்ட பதிப்பகமே அடுத்த ஆண்டில் அவருடைய முதல் நாவலையும் வெளியிட்டது. 'லொலி வில்லோஸ்' என்பது அதன் பெயர். அம்மையாருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

அந்நாவலின் கதையைச் சிறிது விரித்துக் கூறுதல் இங்கு பொருந்தும். லோறா வில்லோஸ் என்பவள் நாட்டுப்புறத்திலே தந்தையின் வீட்டில் அமைதியாய் வளர்ந்தவள். இருபத்தெட்டாம் வயதில் தந்தை இறக்க, அவளுடைய விருப்பத்தை எவரும் கேளாமலே, தளபாடத்தை இடம் மாற்றுவதுபோல அவளை இலண்டனிலுள்ள தமையன் ஹென்றியின் வீட்டுக்குக் குடும்பத்தார் அனுப்பி விடுகின்றனர். அங்கே அவள் லொலி மாமி ஆகிறாள். குழந்தையொன்று மழலையாய் அழைத்த பெயர் அது. அவளுடைய சொந்தப் பெயரை அது விழுங்கிவிடுகிறது. மருமக்களை வளர்க்கிறாள், தையல் வேலை செய்கிறாள். வீட்டார் எல்லோருக்கும் அவள் வேண்டியவள், ஆயினும் எவர் நினைவிலும் அவள் இல்லை. இருபது ஆண்டுகள் இவ்வாறு கழிகின்றன. அவளுக்கு எவரும் கொடுமை செய்தாரல்லர். தமையனும் அண்ணியும் நல்லவர்களே. நல்லவர்கள் கூடியிருந்து ஓர் உயிரை மெல்ல மெல்லத் தேய்த்துவிடலாம் என்பதை அம்மையார் காட்டும் திறம் வியத்தற்குரியது.

மாயத்தின் முதற் கதவு ஒரு கடையிலே திறக்கிறது. மொஸ்கோ வீதியிலுள்ள சிறிய பழக்கடை அது. மலர்களும் அங்கு விற்பனைக்குண்டு. வீட்டார் செய்து போத்தலில் அடைத்த பழங்களும், செவந்திப் பூக்களும், இலையுதிர்காலத்து மரக்கொப்புகளும் அங்கிருக்கின்றன. அவற்றின் நடுவே நிற்கும் லோறாவுக்கு, இருள் கவியும் பழத்தோட்டமொன்றிலே தான் தனியே நின்று கனிகளுக்காகக் கை நீட்டுவதுபோல ஒரு தோற்றம் எழுகிறது. அக்கொப்புகள் வந்த பிரதேசம் எதுவென விசாரித்து, அந்நிலத்தின் படத்தையும் வழிகாட்டி நூலையும் வாங்குகிறாள். சில்ரேண் குன்றுகளின் நடுவே கிரேற் மொப் என்னும் சிற்றூரிலே தான் குடியேறப் போவதாகக் குடும்பத்தாரிடம் அறிவிக்கிறாள். அவளுடைய பணத்தைத் தமையன் தவறான முதலீட்டில் இட்டுப் பெரும்பகுதியை இழந்த செய்தி அப்போதுதான் வெளிப்படுகிறது. அவள் பின்வாங்கவில்லை, எஞ்சியதைக் கொண்டு புறப்படுகிறாள்.

அச்சிற்றூரிலே அவள் அடைந்த விடுதலைக்கும் விரைவில் இடையூறு நேர்கிறது. மருமகன் ரைற்றஸ் அன்பின் பெயரால் அவ்வூருக்கே வந்து குடியேறுகிறான். மீண்டும் அவள் லொலி மாமி! அவனுக்கு வேண்டியன செய்வதே மீண்டும் அவள் கடமை! ஆற்றாமையால் வயல்வெளியிலே நின்று அவள் உதவி வேண்டிக் குரலெழுப்புகிறாள். வீடு திரும்பியதும் பூனைக்குட்டியொன்று எங்கிருந்தோ வந்து அவள் கையைப் பிறாண்டி ஒரு துளி இரத்தத்தை எடுக்கிறது. உடன்படிக்கை முடிந்தது; அவள் சூனியக்காரியாகி விட்டாள். பின்னர் மருமகனின் பால் திரிகிறது. குளவிகள் அவனைத் துரத்துகின்றன. ஈற்றில் அவன் ஒரு பெண்ணை மணம் பேசிக்கொண்டு ஊரைவிட்டு அகல்கிறான். சாத்தானோ கொம்பும் வாலும் உடைய கோரவுருவாக வருவதில்லை. வேட்டைக்காட்டுக் காவலனாகவும் தோட்டக்காரனாகவும், பண்பறிந்து பேசும் ஒருவனாக வருகிறான். பெண்கள் சூனியத்தை நாடுவது பிறருக்குத் தீங்கு செய்வதற்கன்று, நன்மை செய்வதற்குமன்று. தமக்கென ஒரு வாழ்வைப் பெறுவதற்கே என்பதுதான் அவனிடம் லோறா கூறும் விளக்கத்தின் சாரம்.

இக்கதை வெறும் கற்பனை விளையாட்டன்று. 1921 ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 இலட்சத்துக்கு மேல் மிகுந்திருந்தனர். பெரும்போர் ஆடவரைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய மாதரை மிகுதிப்பட்ட பெண்கள் எனப் பத்திரிகைகள் எழுதின. வேண்டிய அளவுக்கு மேற்பட்ட சரக்கைப்பற்றிப் பேசுவதுபோலப் பெண்களைப்பற்றிப் பேசிய காலம் அது. 1918 இல் வாக்குரிமை பெற்றவர்களும் முப்பது வயது நிறைந்து, சொத்துத் தகுதியும் உடைய மாதரே. ஆடவரோடு ஒப்பான வாக்குரிமை 1928 இலேதான் கிடைத்தது. வேர்ஜினியா வூல்ஃப் அம்மையார் பெண்ணுக்கெனத் தனியறை வேண்டுமென வாதிட்ட நூல் 1929 இல் வெளிவந்தது. அவ்வேட்கையையே மூன்றாண்டுகள் முன்னதாக வார்ணர் கதையாக்கியிருந்தார். சூனியம் அவர் கையில் உவமையாகவும் உண்மையாகவும் ஒருங்கே நிற்கிறது. பழைய ஸ்கொத்லாந்து வழக்கேடுகளிலே சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் வாக்குமூலங்களை அவர் படித்திருந்தார். மாகிரட் மறி எழுதி 1921 இல் வெளியான சூனிய வழிபாட்டு ஆய்வையும் கற்றிருந்தார்.

நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அமெரிக்காவிலே மாதம் ஒரு நூலைத் தெரிந்து உறுப்பினருக்கு வழங்கப் புதிதாய்த் தோன்றிய நூற்கழகம், தன் முதல் நூலாகத் தெரிந்தது லொலி மாமியின் கதையையே.

ஆசிரியையின் வாழ்விலும் திருப்பம் நேர்ந்தது. டோசெற் மாவட்டத்துச் சோல்டன் என்னுங் கிராமத்திலே வலன்ரைன் அக்லன்ட் என்னும் கவிஞையை அவர் கண்டார். 1930 முதல் இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர். இரு பெண்கள் இணைந்து வாழும் இல்லறத்தை ஊரும் உலகும் ஏற்காத நாளில், அதனை மறைக்காமலும் பறைசாற்றாமலும் முப்பத்தொன்பது ஆண்டுகள் நடத்தினர். அவ்வாழ்வு இன்பமே நிறைந்ததென்று கூறுவதற்கில்லை. வலன்ரைனின் உள்ளம் வேறிடம் சென்ற காலங்களில் சில்வியா பட்ட துயரம் அவருடைய நாட்குறிப்புகளிலே பதிந்துள்ளது. இருவரும் 1935 இல் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தனர். உண்ணாட்டுப் போர் மூண்ட ஸ்பெயின் நாட்டுக்கு 1936 இலும் 1937 இலும் சென்றனர். பிரித்தானிய உளவுத்துறை அவர்கள்மீது கண் வைத்திருந்தது.

பதினான்காம் நூற்றாண்டுக் கன்னியர் மடமொன்றின் வரலாறாக 1948 இல் அவர் எழுதிய நாவலை அவருடைய தலைசிறந்த படைப்பெனக் கொள்வாருமுளர். நியூ யோர்க்கர் சஞ்சிகையிலே 1936 முதலாக நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகள் வெளியாயின. அவையே அவ்வில்லத்தின் அடுப்பை எரியவைத்தன. இவ்வளவு எழுதியும், இங்கிலாந்தின் இலக்கிய வரலாற்று நூல்கள் அவர் பெயரை ஒரு மூலையிலே ஒதுக்கியே வைத்திருந்தன.

1969 நவம்பரில் வலன்ரைன் புற்றுநோயால் இறந்தார். ஆற்றோரத்து வீட்டிலே சில்வியா தனித்தார். வயது எழுபத்தைந்து, துணையும் இல்லை. இந்நிலையிலே எழுத்தாளர் பலர் பழைய நினைவுகளை எழுதிக்கொண்டு ஓய்வர். அம்மையாரோ, மனித உள்ளத்தைப்பற்றி எழுதியெழுதி அலுத்துவிட்டதென்று கூறி, மனிதரல்லாத ஓரினத்தின் கதைகளை எழுதத் தொடங்கினார். 1970 களின் முற்பகுதி தொட்டு வெளிவந்த அக்கதைகளுள் பதினாறு, 1977 இல் 'எல்பின் இராச்சியங்கள்' என்ற நூலாயின.

அங்கு வரும் மாயமாந்தர் குழந்தைகளுக்குரிய வண்ணத்துப்பூச்சித் தேவதைகளல்லர். அவர்களுக்குச் சிறகுண்டு, ஆயினும் பறத்தல் ஏவலாளருக்குரிய இழிதொழில் என்று உயர்குலத்தோர் நடந்தே செல்வர். பல நூற்றாண்டு வாழ்வர், ஆன்மா இல்லை. அரசாள்வோர் பெண்களே. அவ்வரசியருள் ஒருத்தியாகிய திபேன் மரணப் படுக்கையிற் கிடக்கும் கதை நெஞ்சைத் தொடுவது. அரசவை முழுதும் அடுத்த அரசி யார் என்றறியத் துடிக்கிறது. அவளோ பல நூற்றாண்டுக்கு முன் தான் காதலித்த தோமஸ் என்னும் மானிடனையே நினைந்து கிடக்கிறாள். துணையை இழந்து மரணத்தை எதிர்நோக்கிய மூதாட்டி ஒருவரே அதனை எழுதினார் என்பதை அறிந்து படிப்போர்க்கு, அக்கதையின் குளிர்ந்த நடைக்கு அடியிலே கனலும் துயரம் புலப்படாமற் போகாது.

அந்நூல் வெளிவந்த மறுவருடம், 1978 மே மாதம் 1 ஆந் திகதி, எண்பத்து நான்காம் வயதில் அம்மையார் காலமானார். அவருடைய சாம்பல் சோல்டன் தேவாலய முற்றத்திலே வலன்ரைனின் சாம்பலோடு ஒருங்கே புதைக்கப்பட்டது. பெண் எழுத்தாளரின் மறக்கப்பட்ட நூல்களை மீட்டெடுக்க முனைந்த விராகோ முதலிய பதிப்பகங்கள் அக்காலத்தை அண்டியே அவருடைய நாவல்களை மீண்டும் அச்சேற்றின. அதன் பின்னரே புதிய தலைமுறை அவரைக் கண்டுகொண்டது.

முப்பத்திரண்டாம் வயதில் முதுமையை நோக்கி நடக்கும் பெண்ணைப் பாடினார். முதுமையில் இறக்கும் அரசியைப் பாடினார். இரண்டுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர் விடாது பற்றியிருந்த கொள்கை ஒன்றே: ஒரு பெண்ணின் கதை அவளுடைய மணநாளோடு முடிவதில்லை, மணமே நிகழாவிடினும் அவளுக்கு ஒரு கதையுண்டு. லொலி மாமிமார் எந்நாட்டிலும் எவ்வீட்டிலும் உளர். பிறர் பிள்ளையை வளர்த்து, பிறர் நோய்க்குக் கண் விழித்து, தம் பெயரையும் இழந்து, உறவு முறையால் மட்டும் அழைக்கப்படுவோர் அவர். அத்தகைய ஒருத்தி மாலை வேளையிலே கடைத்தெருவில் ஒரு பூங்கொத்தின் முன் தயங்கி நிற்பாளாயின், அவள் மனத்திலே என்ன நிகழ்கிறதென்று ஒரு கணமேனும் எண்ண நம்மைப் பழக்கியவர் சில்வியா ரவுன்சென்ட் வார்ணர்.