எண்களுக்கு இனம் வகுத்த இராமானுஜன்

பரீட்சையிற் சித்தியெய்தாதவரை உலகம் எளிதில் மறந்துவிடும். அவ்வாறு மறக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், எண்களின் இயல்பை ஆராய்ந்தே தமக்கு எட்டாதிருந்த பட்டத்தைப் பெற்றார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887 ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் ஈரோட்டிற் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால், அவ்வூர் அரசினர் கல்லூரியிற் பெற்ற உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எவ். ஏ. பரீட்சையில் அவர் தேறவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா வேதனத்திற்கு எழுதுவினைஞரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே 1914 இல் அவரைக் கடல் கடக்கச் செய்தது.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளுள் ஒன்று இது. 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12 இலும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் வெல்லும் எண்களை அவர் தனியினமாக வகுத்தார். 24, 36, 48, 60 என்பனவும் அவ்வினத்தவையே. இத்தகைய எண்ணைப் பகுத்தால், முதன்மை எண்கள் 2 இலிருந்து இடைவிடாது தொடரும். அவற்றின் அடுக்குகள் ஏறாது, இறங்கியே செல்லும் அல்லது சமமாய் நிற்கும். கடைசி முதன்மை எண்ணின் அடுக்கு, 4, 36 என்னும் இரண்டைத் தவிர, எப்பொழுதும் 1 ஆகும்.

அவருடைய பட்டியலின் இறுதி எண் 6746328388800. அதில் 2 முதல் 23 வரையுள்ள முதன்மை எண்களின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், அதன் காரணிகள் 10080 எனக் காணலாம். இக்கட்டுரை 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதன் பேறாக 1916 இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி. ஏ. பட்டம் வழங்கியது. அச்சேறாது எஞ்சிய பகுதி 1997 இலேயே வெளிவந்தது.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது. இறுதி எண்ணை 23 ஆல் வகுத்தால் வரும் 293318625600 என்பதே அது. இக்குறை அவர் புகழைக் குறைக்கவில்லை. எந்திரத்தின் துணையின்றி ஒரு மனிதர் உழைத்த உழைப்பையே அது காட்டுகின்றது.

1918 இல் அரச சங்கத்தின் அங்கத்தவரான அவர், 1919 இல் நோயுடன் நாடு திரும்பி, 1920 சித்திரையில் 32 ஆவது வயதிற் காலமானார். நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தமது கணிதம் என்று அவர் நம்பினார். அருளை நம்பிய அவர் உழைப்பை விட்டாரல்லர். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் மனமுடையும் இளைஞர்களாகிய நாம் மறக்கலாகாதது இதுவே.