கல்லறையில் வயது 41, உண்மையில் 43! - யார் இந்த டேவ் கேலஹர்?

நியூஸிலந்தின் 'ஆல் பிளாக்ஸ்' ரக்பி அணியைத் தெரியாதவர்கள் குறைவு.

அந்தப் பெயர் உலகெங்கும் பரவியபோது அணித்தலைவராக இருந்தவரின் கல்லறை பெல்ஜியத்தில் இருக்கிறது. அதில் பொறிக்கப்பட்ட வயதே தப்பு!

எங்கே பிறந்தார்?

1873ஆம் ஆண்டு அயர்லந்தின் டொனகோல் வட்டாரத்தில். 1878இல் குடும்பம் நியூஸிலந்தில் குடியேறியது.

தாயார் பள்ளி ஆசிரியை. அவருடைய வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது. 1887இல் அவர் புற்றுநோயால் காலமானார். அப்போது கேலஹருக்கு வயது 13.

பிறகு ஆக்லந்துக்குச் சென்ற அவர், அங்கு பொன்சன்பி குழுவில் ரக்பி விளையாடினார்.

1901இல் தென்னாப்பிரிக்கப் போருக்குப் புறப்பட்டபோது, பிறந்த ஆண்டை 1876 என்று மாற்றிச் சொன்னார்.

தலைவர் பதவி சுலபமாக் கிடைத்ததா?

இல்லை. 1905இல் பிரிட்டன் செல்லும் கப்பலிலேயே தகராறு. தலைவரை விளையாட்டாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தனர். கேலஹர் பதவி விலக முன்வந்தார். 29 பேரில் 17 பேர் அவரை ஆதரித்தனர்.

அதுக்கப்புறம் நடந்தது வரலாறு. பிரிட்டன், அயர்லந்து, பிரான்ஸ், வட அமெரிக்கா என மொத்தம் 35 ஆட்டங்கள். 34இல் வெற்றி!

தோற்றது ஒன்றே ஒன்று: கார்டிஃப் நகரில் வேல்ஸிடம் 0-3. பாப் டீன்ஸ் எடுத்த 'டிரை'யை நடுவர் ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஆனால் கேலஹர் நடுவரைக் குறை சொல்லாமல் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

தம்பிக்காகத்தான் போருக்குப் போனாரா?

பலரும் அப்படித்தான் சொல்வாங்க. தேதிகளைப் பார்த்தால் கதை வேறு.

கேலஹர் ராணுவத்தில் பெயர் கொடுத்தது 1916 மே மாதம். தம்பி டக்ளஸ் பிரான்ஸில் கொல்லப்பட்டது ஜூன் 3ஆம் தேதி. அதாவது, அந்தச் செய்தி வருவதற்கு முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார்.

அப்போது நியூஸிலந்தில் கட்டாய ராணுவச் சேவை நடப்புக்கு வரவில்லை. அவருக்கு வயது 42. வீட்டில் மனைவியும் சின்ன மகளும். போயே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் போனார்.

1917 அக்டோபர் 4ஆம் தேதி. பெல்ஜியத்தில் பாஷண்டேல் சண்டை. குண்டுச் சிதறல் தலைக்கவசத்தைத் துளைத்தது. அன்றே உயிர் பிரிந்தது.

மறு ஆண்டு இன்னொரு சகோதரர் ஹென்றியும் போரில் மாண்டார். ஒரே குடும்பத்தில் மூவர்!

இன்று அவர் பெயர் எங்கே?

நியூஸிலந்தும் பிரான்ஸும் மோதும்போது வழங்கப்படும் கிண்ணம், டேவ் கேலஹர் கிண்ணம். 1906 புத்தாண்டு அன்று பிரான்ஸ் தன் முதல் அனைத்துலக ரக்பி ஆட்டத்தில் எதிர்கொண்டதும் அவருடைய அணியைத்தான்.

ஆக்லந்தின் ஈடன் பார்க் விளையாட்டரங்கில் அவருக்குச் சிலையும் உண்டு.

பெல்ஜியத்தின் போப்பரிங்க நகருக்கு அருகே உள்ள கல்லறையில் மட்டும் இன்னமும் அவருக்கு வயது 41.