காலராவைக் காட்டிக் கொடுத்தவர்

1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற துறைமுகப் பட்டணம். கடும் வெயில். எல்பே நதியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அந்த நதித் தண்ணீரைத்தான் ஊர் முழுவதும் குடித்தது. வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டார்கள்!

திடீரென்று சிலருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கண்கள் குழி விழுந்தன. கை கால்கள் குளிர்ந்தன. சில மணி நேரத்தில் உயிர் போயிற்று.

காலராவா? வெறும் கோடைப் பேதியா? டாக்டர்களுக்குள் தகராறு.

காலரா என்று அறிவித்தால் துறைமுகம் படுத்துவிடும். கப்பல்கள் வரமாட்டா. வியாபாரம் கெடும். ஆகையால், சோதனை செய்து கிருமியைக் கண்ணால் பார்க்காமல் அறிவிக்க முடியாது என்று அதிகாரிகள் இருந்து விட்டார்கள். முதலில் செய்த சோதனைகளில் முடிவு தெளிவாகத் தெரியவில்லை. நாட்கள் ஓடின.

ஒரு வாரம் வீணாயிற்று.

அந்த ஒரு வாரத்திலே நோய் ஊர் முழுவதும் பரவிவிட்டது. அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் ஏழைக் குடும்பங்கள் நோயோடு ஏறிச் சென்றன. நடுக்கடலில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

காலராவைக் கண்டுபிடிக்கும் சோதனையை உலகத்துக்குக் கொடுத்தவர் அப்போது பெர்லின் நகரில் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் கோக்.

சுரங்க ஊர்ப் பையன்

கோக் 1843-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி பிறந்தார். ஊர் கிளவுஸ்தால். மலைப் பகுதியில் உள்ள சுரங்க ஊர். தந்தை சுரங்க அதிகாரி. வீடு நிறையக் குழந்தைகள்.

கோக் டாக்டருக்குப் படித்து 1866-ல் பட்டம் வாங்கினார். மறு ஆண்டு எம்மி என்ற பெண்ணை மணந்தார். ஒரே மகள் பிறந்தாள்.

1872-ல் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசாங்க டாக்டர் வேலை கிடைத்தது. (இப்போது அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது.) அங்கே மனைவி அவருக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். பரிசு கொடுத்த மனைவியைவிடப் பரிசுதான் கோக்குக்குப் பெரிதாகி விட்டது! நோயாளிகளைப் பார்க்கும் அறையில் ஒரு திரையைக் கட்டினார். திரைக்கு இந்தப்பக்கம் வைத்தியம். அந்தப்பக்கம் ஆராய்ச்சி.

அந்தப் பக்கத்து ஆடுமாடுகள் அடைப்பான் நோயால் செத்து விழுந்தன. அந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1876-ல் கோக் நிரூபித்துக் காட்டினார். சிற்றூர் டாக்டரைப் பெரிய பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1880-ல் பெர்லினுக்கு வந்து சேர்ந்தார்.

உருளைக்கிழங்கும் கடல்பாசியும்

கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதில் ஒரு தொல்லை இருந்தது. சூப்புத் தண்ணீரில் வளர்த்தால் பல கிருமிகள் ஒன்றாகக் கலந்துவிடும். எது எது என்று பிரிக்க முடியாது.

கோக் ஒரு நாள் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டைப் பார்த்தார். அதன்மேல் பல நிறங்களில் சிறு சிறு புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரே இனக் கிருமியின் குடும்பம்! கெட்டியான பொருளின்மேல் வளர்த்தால் கிருமிகள் தனித்தனியே நிற்கும் என்பது அவருக்குப் புரிந்தது.

பிறகு ஜெலட்டினைக் கண்ணாடியில் ஊற்றி அதன்மேல் வளர்த்தார். கொஞ்சம் வெப்பம் ஏறினால் ஜெலட்டின் உருகி ஓடியது. அதற்கு வழி சொன்னவர் ஒரு குடும்பப் பெண். கோக்கிடம் வேலை பார்த்த ஒரு டாக்டரின் மனைவி, ஃபானி ஹெஸ்ஸே. ஜாம் செய்யும்போது கெட்டிப்படுத்துவதற்குக் கடல்பாசிச் சத்தைப் போடுவது அவர் வழக்கம். அதையே சோதனைச் சாலையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். நம் வீடுகளில் நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்யும் அதே கடல்பாசிதான். இன்றும் உலகம் முழுவதும் சோதனைச் சாலைகளில் கிருமி வளர்ப்பது அதன்மேல்தான்.

1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியைக் கோக் வெளியிட்டார். அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

கல்கத்தாக் குளம்

1883-ல் எகிப்து நாட்டில் காலரா பரவியது. கோக் தன் ஆட்களுடன் அங்கே போனார். பிரான்சிலிருந்தும் ஒரு கூட்டம் வந்திருந்தது. இரண்டு நாட்டாருக்கும் ஆகாது. ஆனால் பிரெஞ்சுக் கூட்டத்தில் துய்லியே என்ற இளைஞர் காலரா கண்டு இறந்தபோது, கோக் சவ அடக்கத்துக்குச் சென்று மலர் வளையம் வைத்தார்.

எகிப்தில் நோய் அடங்கிவிட்டது. நோயைத் தேடி இந்தியாவுக்கு வந்தார் கோக். கல்கத்தாவில் இறங்கிய நாள் டிசம்பர் 11. அன்று அவருக்கு 40 வயது.

செத்தவர்களின் குடலில் ஒரு கிருமி இருந்தது. கமாப் புள்ளி போல வளைந்திருக்கும். பேதியின் மற்ற நோயாளிகளிடம் அது இல்லை. (இத்தாலி நாட்டுப் பசினி 1854-லேயே இதைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். அப்போது யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. பாவம்!)

ஒரு குளத்தைச் சுற்றியிருந்த குடிசைகளில் காலரா கண்டது. அதே குளத்தில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், குடிக்கவும் எடுத்தார்கள். நோயில் இறந்தவரின் துணியையும் அதிலேதான் அலசினார்கள். கோக் குளத்துத் தண்ணீரைச் சோதித்தார். அதிலும் கமாக் கிருமி!

பெர்லினுக்குத் திரும்பியதும் டாக்டர்களை அழைத்துப் பாடம் நடத்தினார். நோயாளியின் மலத்தை எப்படி எடுப்பது, சாயம் ஏற்றி எப்படிப் பார்ப்பது, ஜெலட்டினில் எப்படி வளர்ப்பது என்றெல்லாம் கற்பித்தார். கமா வடிவில் வேறு கிருமிகளும் உண்டு. ஆகையால் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. அந்த வகுப்பில் ஒரு டாக்டருக்கே காலரா ஒட்டிக்கொண்டது. நல்ல வேளையாகப் பிழைத்தார். சோதனைச் சாலை விளையாட்டு இடமல்ல என்று அன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஹாம்பர்க் வீதிகளில்

1892 ஆகஸ்டு 24-ந் தேதி கோக் ஹாம்பர்க் வந்து இறங்கினார். அதற்குள் கிருமி உறுதியாகி இருந்தது. ஏழைகள் வாழ்ந்த சந்துகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வண்டி வண்டியாகக் கொதித்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஆனாலும் வாரம் தவறியது தவறியதுதான். சுமார் 17,000 பேருக்கு நோய் கண்டது. ஏறக்குறைய 8,600 பேர் மாண்டார்கள்.

ஹாம்பர்க்கை ஒட்டினாற்போல் ஆல்டோனா என்ற ஊர். அதுவும் எல்பே தண்ணீரைத்தான் குடித்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே காலரா அதிகம் இல்லை! இரண்டு ஊர்களுக்கும் எல்லையான வீதியில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சுகம். ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே ஒரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. அதற்குத் தண்ணீர் மட்டும் ஆல்டோனாவிலிருந்து வந்தது. அங்கே ஒருவருக்கும் நோய் இல்லை.

மூனிச் நகரில் பெட்டன்கோஃபர் என்று ஒரு பெரிய பேராசிரியர். கிருமி மட்டும் காலராவை உண்டாக்காது, மண்ணும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. கோக்கின் கூற்றைப் பொய்யாக்குவதற்காக, அந்த அக்டோபர் மாதத்தில் காலராக் கிருமி கலந்த தண்ணீரை எல்லாரும் அறியக் குடித்தார். வயது 73! இலேசான பேதியோடு தப்பினார். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். ஆனால் அவர் மலத்திலே கிருமி மண்டிக் கிடந்தது. பின்னர் அதைக் குடித்த அவருடைய மாணவர் கடும் நோயில் விழுந்து எழுந்தார்.

ஆறு மணி நேரம்

நாள் கணக்கில் காத்திருந்தால் ஊர் அழியும் என்பதை ஹாம்பர்க் காட்டிவிட்டது. சோதனையின் வேகத்தைக் கூட்டுவதில் கோக் இறங்கினார்.

காலராக் கிருமிக்குக் காற்று வேண்டும். பெப்டோன் என்ற சத்தைக் கரைத்த நீரில் மலத்தைச் சிறிது விட்டு, உடல் சூட்டில் வைத்தால், கிருமிகள் வேகமாகப் பெருகி மேலே வந்து மிதக்கும். ஆறு மணி நேரத்திலேயே மேல்நீரில் ஒரு சொட்டை எடுத்துப் பார்க்கலாம். பிறகு தட்டில் வளர்த்து உறுதி செய்யலாம். இந்த முறைகளை 1893-ல் எழுதி வெளியிட்டார்.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் வெளிவந்தது. நோயாளியோடு பழகியவர்களையும் சோதித்தார்கள். நன்றாக உண்டு உறங்கி வேலைக்குப் போகிறவர்கள் சிலரிடமும் காலராக் கிருமி இருந்தது! தங்களுக்குத் தெரியாமலே அவர்கள் நோயைச் சுமந்து திரிந்தார்கள். படுத்தவர்களை மட்டும் சோதித்தால் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. வடிகட்டிய நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிகளுக்கு மேல் இருந்தால் அந்த வடிகட்டி சரியில்லை என்று கணக்கு வகுத்தார்.

ஹாம்பர்க் செய்தி நியூயார்க் நகரையும் பயமுறுத்தியது. அந்த 1892 செப்டம்பரிலேயே அந்நகரச் சுகாதார இலாகா சொந்தமாக ஒரு கிருமிச் சோதனைச் சாலையைத் திறந்தது.

சறுக்கலும் முடிவும்

கோக்கின் வாழ்க்கையில் ஒரு பெரிய சறுக்கல் உண்டு. 1890-ல் காசநோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்தார். ட்யூபர்குலின் என்பது அதன் பெயர். நோயாளிகள் ரயிலேறி பெர்லினுக்கு ஓடினார்கள். மருந்து குணப்படுத்தவில்லை. சிலர் செத்தும் போனார்கள். அவசரப்பட்டு அறிவித்தது அவர் குற்றம்தான். ஆனால் அந்த மருந்து பிற்காலத்தில் வேறு வேலைக்கு வந்தது. காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனையாயிற்று.

1893-ல் எம்மியை விவாகரத்துச் செய்துவிட்டு, ஹெட்விக் என்ற இளம் பெண்ணை மணந்தார். ஊர் பலவிதமாகப் பேசியது.

1902-ல் டிரியர் நகரத்தின் பக்கத்துக் கிராமங்களில் விஷஜுரம். கோக் சோதனைச் சாலையையே அங்கே கொண்டு போனார். வீடு வீடாகச் சோதித்ததில், அதிகாரிகள் அறிந்ததைவிடப் பல மடங்கு பேரிடம் நோய் இருந்தது தெரிந்தது. பெரும்பாலோர் குழந்தைகள். இலேசான காய்ச்சல் என்று தாய்மார்கள் விட்டிருந்தார்கள்.

1905-ல் நோபல் பரிசு வந்தது. 1910-ம் ஆண்டு மே 27-ந் தேதி, 66-வது வயதில், பாடன்-பாடன் என்ற ஊரில் கோக் காலமானார். அவருடைய அஸ்தியைப் பெர்லினில் உள்ள அவருடைய ஆராய்ச்சிக் கழகக் கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறை கட்டி வைத்தார்கள்.