எழுத்துக்கு வேர் கண்டவர்

நுழையும்முன்

எழுத்தைப் பிழையாகப் படித்தால் பொருள் மாறும். சட்டநூலில் அப்பிழை நேர்ந்தால் நீதியும் மாறும். இதனை உணர்ந்து, ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளை ஒழுங்குபடுத்திய அறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சீன நாட்டை ஹான் மரபினர் ஆண்ட காலத்தில், இன்றைய ஹெனான் மாநிலத்திலுள்ள ஷாவோலிங் என்னும் ஊரில் தோன்றியவர் சூ ஷென். ஜியா குவேய் என்னும் பேரறிஞரிடம் பயின்ற அவர், கன்பூசிய மரபின் ஐந்து பெருநூல்களிலும் தமக்கு நிகரில்லாதவர் எனப் போற்றப்பட்டார்.

அக்காலத்தில் எழுத்துக் குறித்துப் பெருங்குழப்பம் நிலவியது. கி.மு. 213 இல் சின் பேரரசர் பழைய நூல்களை எரிக்க ஆணையிட்டிருந்தார். அழிவுக்குத் தப்பிய சில நூல்கள் பிற்காலத்தில் கிடைத்தபோது, அவற்றின் பழைய வரிவடிவங்கள் பலருக்கும் விளங்கவில்லை. அலுவலர்கள் விரைந்து எழுதுவதற்காகக் கையாண்ட புதிய வடிவமே தொன்மையானது என அறிஞர் சிலரும் நம்பினர். மூத்தோனைக் குறிக்கும் எழுத்தைக் குதிரைத்தலை கொண்ட மனிதன் என்று பிரித்துப் பொருள் கூறினர். மக்களை மிரட்டிக் கையூட்டுப் பெறுவோரைப் பற்றிய சட்டத்திலும் ஓர் எழுத்தை இவ்வாறே தவறாகப் பிரித்து விளக்கினர். இதனைக் கண்டு வருந்திய சூ ஷென், ஒவ்வோர் எழுத்தின் உண்மையான அமைப்பையும் ஆராயத் தொடங்கினார்.

அதற்குமுன் சிறுவர்கள் எழுத்துகளைப் பாடல்போல் அமைந்த பட்டியல்களின் வழியே மனப்பாடம் செய்தனர். சூ ஷென் வேறொரு வழி கண்டார். பல எழுத்துகளில் பொதுவாக வரும் உறுப்புகளைப் பிரித்தெடுத்து, அவற்றைத் தலைப்புகளாக வைத்தார். இவற்றை வேர்க்குறிகள் எனலாம். ஆறு என்னும் பொருள்தரும் எழுத்தில் ஒரு பாதி நீரைக் குறிக்கும் வேர்க்குறி. அது பொருளைச் சுட்டும். மறுபாதி ஒலியைச் சுட்டும். மரத்தைக் குறிக்கும் வடிவம் இரண்டு இணைந்தால் தோப்பு; மரத்தின் அருகே மனிதன் நின்றால் ஓய்வு. இவ்வாறு வேரை அறிந்தவர், அதன் கிளைகளை எளிதில் நினைவில் கொள்வர்.

அவர் இயற்றிய ஷுவோவென் ஜியேசி என்னும் அகராதி, 9353 எழுத்துகளை 540 வேர்க்குறிகளின்கீழ் வகைப்படுத்தியது. ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் ஒற்றைக் கோடே அதன் முதல் தலைப்பு. கி.பி. 100 இல் நூல் நிறைவுற்றபோதும் அது உடனே அரசவைக்குச் செல்லவில்லை. கி.பி. 121 இல் சூ ஷென் நோயுற்றிருந்தார். அப்போது அவருடைய மகன் சூ சோங், தந்தையின் நூலை ஆன் பேரரசரிடம் அளித்தார். நாற்பது சுருள் துணி பரிசாகக் கிடைத்தது.

சூ ஷென் கூறியவை அனைத்தும் சரியானவை அல்ல. செய்தல் என்னும் பொருள்தரும் எழுத்தை அவர் குரங்கின் உருவம் என விளக்கினார். 1899 இல் அறிஞர் கவனத்துக்கு வந்த, எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் பொறிக்கப்பட்ட மிகப் பழைய எழுத்துகளோ, யானையை ஒரு கை நடத்திச்செல்லும் காட்சியைக் காட்டின. அவ்வெலும்புகளை அவர் கண்டதில்லை. எனினும் அவற்றைப் படிக்க முயன்ற அறிஞர்களுக்கு அவருடைய நூலே துணைநின்றது.

540 வேர்க்குறிகளை மெய் யிங்சுவோ என்பவர் 1615 இல் 214 ஆகச் சுருக்கினார். 1716 இல் நிறைவுற்ற காங்ஷி அகராதியும் அம்முறையையே ஏற்றது. இன்றும் சீன மொழி கற்கும் மாணவர், அறியாத எழுத்தைக் கண்டால் முதலில் அதன் வேர்க்குறியைத் தேடுகின்றனர். உருவத்தை மட்டும் மனப்பாடம் செய்யாமல், அமைப்பின் காரணத்தை அறிந்து கற்கும் அவ்வழியே சூ ஷென் விட்டுச்சென்ற செல்வமாகும்.