மருந்துக் கடையில் நின்ற எழுத்தாளர்



சாயங்காலம் காலேஜ் விட்டதும் நான் எங்கே ஓடுகிறேன் என்று உங்களில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷமாக ஏதேதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். இந்த மலரில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. நம் வகுப்புப் பையன் யாராவது கடைக்கு வந்தால் அலமாரிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். டிப்ளமோதானே என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவது ஒரு பக்கம். இந்த வேலை இன்னொரு பக்கம். அந்த வெட்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அவர் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈடித் பார்ஜிட்டர் என்பது அவர் பெயர். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில்தான் உலகம் அவரை அறியும். இடைக்காலத்துத் துறவி ஒருவரைத் துப்பறிவாளராக்கி இருபது நாவல்கள் எழுதியவர்.

1913 செப்டம்பர் 28-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஹார்ஸ்ஹே என்ற ஊரில் பிறந்தார். அப்பா அங்கிருந்த இரும்பாலையில் எழுத்தர். ஈடித் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஊர் கோல்புரூக்டேல். மெக்கானிக்கல் நண்பர்களே, பெயர் ஞாபகம் வருகிறதா? 1709-ல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கோக் போட்டு இரும்பு உருக்கிக் காட்டிய அதே ஊர்தான்!

பள்ளியோடு சரி, பல்கலைக்கழகம் போகவில்லை. 1933-ல் பக்கத்து ஊரான டாலியில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை... 1940 வரை, ஏழு வருஷம்! ஆனால் சும்மா நின்றுவிடவில்லை. கடை வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1936-ல், 23 வயதுக்குள், முதல் நாவல் அச்சாகிவிட்டது.

பிறகு போர் வந்தது. கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து லிவர்பூலில் டெலிபிரிண்டர் இயக்கினார். அந்தப் பணிக்காக 1944-ல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் கிடைத்தது. 1947-ல் செக்கோஸ்லோவாக்கியா போனார். அந்த நாடு மனதைப் பிடித்துக்கொள்ளவே, செக் மொழியைத் தானே கற்று, அதிலிருந்து பல புத்தகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், வகுப்பு வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அரியர் பேப்பருக்கே டியூஷன் தேடும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்!

அவருக்குப் பெரும்புகழ் தந்த பாத்திரம் 1977-ல்தான் பிறந்தது. அப்போது அவருக்கு 63 வயது. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயது!

அந்தப் பாத்திரம்தான் சகோதரர் காட்ஃபேல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷ்ரூஸ்பரி நகரத்து மடத்தில் வாழும் வேல்ஸ் நாட்டுக்காரர். இளமையில் சிலுவைப்போருக்குப் போனவர், கடலோடி. நாற்பதைத் தாண்டித்தான் துறவியானார். மடத்தில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? மூலிகைத் தோட்டம் போட்டு மருந்து காய்ச்சுவது! டாலி கடையில் கழிந்த ஏழு வருஷம் எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா?

'மங்க்ஸ் ஹூட்' என்ற நாவலில் ஒருவர் விஷத்தால் சாகிறார். விஷம் எது? மூட்டுவலிக்குத் தேய்க்க காட்ஃபேலே காய்ச்சி வைத்த தைலம். நாட்டு மருந்துக் கடையில் வசநாவி என்கிறார்களே, அந்த இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்தது. மேலே தேய்த்தால் வலி போகும். உள்ளே போனால் உயிர் போகும். வெளி உபயோகத்துக்கு மட்டும் என்று அச்சிட்ட பாட்டிலை நான் தினமும் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் இப்படி ஒரு கதை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை! 1980-ல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் இந்நாவலுக்கு வெள்ளிக் குத்துவாள் விருது தந்தது.

என்னை உலுக்கிய நாவல் வேறு: 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'. 1138-ல் மன்னர் ஸ்டீபனும் மாட் பேரரசியும் சிம்மாசனத்துக்காக மோதிக்கொண்ட காலம். ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன், எதிர்த்து நின்றவர்களைத் தூக்கிலிட்டார். இது நடந்த வரலாறு. நாவலில் தூக்கில் தொங்கியவர்கள் 94 பேர். அடக்கம் செய்யப் போன காட்ஃபேல் எண்ணிப் பார்க்கிறார்... 95 உடல்கள்! ஒருவன் கழுத்தில் மட்டும் தூக்குக் கயிற்றின் தடம் இல்லை, மெல்லிய கயிற்றின் தடம். கொலை செய்தவன், இத்தனை பிணங்களுக்கு நடுவே ஒன்று கூடினால் யார் எண்ணப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். காட்ஃபேல் எண்ணினார். அரசன் ஆணையில் நூறு பேர் செத்தாலும், ஒருவனுக்கு நடந்த அநியாயம் அநியாயம்தான் என்று விடாமல் துருவினார். உலகப் போரைப் பார்த்த ஒருவர் எழுதிய கதை இது என்பதை மறக்க வேண்டாம்.

காட்ஃபேல் வரிசையின் கடைசி நாவல் 1994-ல் வந்தது. அந்த ஆண்டிலேயே அவர் கதைகள் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தன. டெரக் ஜேகோபி காட்ஃபேலாக நடித்தார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அவருக்கு பர்மிங்காம் பல்கலைக்கழகம் கௌரவ எம்.ஏ. பட்டம் வழங்கியது. பட்டம் அவரைத் தேடி வந்தது!

1995 அக்டோபர் 14-ல், பிறந்த ஊருக்குச் சில மைல் தொலைவிலேயே காலமானார். ஷ்ரூஸ்பரி மடத்துத் தேவாலயத்தில் அவர் நினைவாக வாசகர்கள் பணம் திரட்டி வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது.

நண்பா! கைவேலை கற்றவன் என்று யாராவது நம்மைக் குறைத்துப் பேசினால் தலைகுனியாதே. பார்த்த வேலை எதுவும் வீணாவதில்லை. கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்குப் பலன் வர 37 வருஷம் ஆயிற்று. நமக்கு எப்போதோ, யார் கண்டார்!

ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்போது நான் அலமாரிக்குப் பின்னால் குனிவதில்லை. தலைவலி மாத்திரை வேண்டுமானால் தாராளமாகக் கடைக்கு வாங்க. பேசிக்கொண்டே எடுத்துத் தருகிறேன். கடன் மட்டும் கேட்காதீங்க!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்