புகைக் குழாயில் ஒளிந்திருந்த வெற்றி
வால்டர் காடனின் வாழ்க்கைக் கதை

மோட்டார் சைக்கிளில் புகை வெளியேறும் குழாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் குழாய்தானே என்று நினைப்போம்.

அந்த வெறும் குழாயை வைத்தே உலகத்தின் பெரிய மோட்டார் கம்பெனிகளைத் திணற அடித்தார் ஒருவர். அவரிடம் பணம் இல்லை. நல்ல சாமான்கள் இல்லை. கடைசியில், அவர் கண்டுபிடித்த இரகசியமும் அவரை விட்டுப் போய்விட்டது. அவர்தான் மோட்டார் பந்தய உலகில் புகழ் பெற்ற வால்டர் காடன்.

பந்தயம் பார்த்த சிறுவன்

ஜெர்மனியில் சாக்ஸனி என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே போபர்ஷாவ் என்ற ஊரில் 1919-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி காடன் பிறந்தார்.

அவருடைய தந்தை கார் ஓட்டும் தொழில் செய்தவர். மோட்டார் சைக்கிள் செய்யும் டி.கே.டபிள்யூ. கம்பெனியின் அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டி வந்தார்.

1927-ம் ஆண்டில் நூர்பர்க்ரிங் என்ற பெரிய பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அந்த விழாவுக்குச் சிறுவன் காடனும் போனார். அங்கே கேட்ட எஞ்சின் சத்தம் அவர் மனதில் பதிந்துவிட்டது. வளர்ந்ததும் கெம்னிட்ஸ் நகரில் எஞ்சினீயரிங் படித்தார்.

யுத்தமும் மரக்கடையும்

உலக யுத்தம் வந்தது. 1940-ம் ஆண்டில் காடன் ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல்களைத் தாக்கும் பறக்கும் குண்டுகளைச் செய்யும் பிரிவில் அவருக்கு வேலை. படித்த படிப்பு அழிவு வேலைக்குப் பயன்பட்ட காலம் அது.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் அவரைக் காவலில் வைத்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பினார். வீடுகள் இடிந்து கிடந்த நேரம். கூரைக்கு வேண்டிய மரச்சட்டங்களைச் செய்து விற்றுப் பிழைத்தார்.

ஆனால் பழைய ஆசை விடவில்லை. வேலை முடிந்த பின் ஒரு சிறிய மோட்டார் சைக்கிளைப் பிரித்து, தானே பந்தய வண்டியாக மாற்றினார். அந்த வண்டி ஓடிய வேகம் அதிகாரிகளின் கண்ணில் பட்டது.

ட்சோப்பாவ் என்ற ஊரில் இருந்த மோட்டார் தொழிற்சாலை அப்போது கிழக்கு ஜெர்மனி சர்க்காரின் கையில் இருந்தது. பின்னால் அதற்கு எம்.இசட். என்று பெயர் வந்தது. 1953-ம் ஆண்டில் அதன் பந்தயப் பிரிவு காடனிடம் ஒப்படைக்கப்பட்டது.

எந்தக் குழாய் நல்ல குழாய்?

அந்தத் தொழிற்சாலை செய்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நம் நாட்டிலும் பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் இருந்தது அதுதான்.

அதில் ஒரு பெரிய குறை உண்டு. எரிந்த புகை வெளியே போகும்போது, புதிதாக வந்த பெட்ரோல் கலந்த காற்றும் கொஞ்சம் கூடவே ஓடிவிடும். பெட்ரோல் வீண். சக்தியும் வீண்.

யுத்தத்துக்கு முன்பு இயந்திரத்தால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினார்கள். 1946-ம் ஆண்டில் பந்தய வண்டிகளில் அதற்குத் தடை வந்துவிட்டது. அந்த வேலையைப் புகைக் குழாயே செய்யுமா என்று யோசித்தார் காடன்.

கிணற்றில் கல்லைப் போட்டால் அலை கிளம்புகிறது. சுவரில் மோதித் திரும்புகிறது. புகைக் குழாய்க்குள்ளும் இப்படி அலை உண்டு.

இரண்டு புனல்களை வாய்க்கு வாய் ஒட்டினால் நடுவில் வயிறு பெருத்திருக்கும் அல்லவா? குழாயை அந்த வடிவில் அமைத்தார். விரியும் முதல் பாதி, எரிந்த புகையை வெளியே இழுக்கும். குறுகும் அடுத்த பாதி, அலையைத் திருப்பி அனுப்பும். அந்த அலை, தப்பி ஓடும் புதுக் காற்றை மறுபடி எஞ்சினுக்குள் தள்ளிவிடும். அதற்குள் பிஸ்டன் மேலே வந்து வாசலை மூடிவிடும்!

இந்த வடிவத்தை எரிக் வோல்ப் என்பவர் முன்பே முயன்றிருந்தார். காடன் அதைக் கணக்காக்கினார். அலையைத் திரையில் காட்டும் கருவியை வைத்து, அது எந்த நொடியில் திரும்புகிறது என்று பார்த்தார். குழாயை வெட்டினார், ஒட்டினார், மறுபடி சோதித்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளினால்தான் அது உயரப் போகும். அலையும் அப்படித்தான். குழாய் நீளமாக இருந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அலை சமயத்துக்கு வரும். குட்டையாக இருந்தால், வேகமாகச் சுற்றும்போது வரும். இரண்டும் ஒரே குழாயில் கிடைக்காது. உச்ச வேகத்துக்கு ஏற்ற குழாயை மாட்டினால், வளைவுகளில் வேகம் குறையும்போது வண்டி சோர்ந்துவிடும். எந்தப் பந்தயத்துக்கு எந்தக் குழாய் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேர்கோட்டில் சீறிப் பாயும் அமெரிக்கப் பந்தயக் கார்களில் இருப்பது வேறு வகை எஞ்சின். அவற்றிலும் புகைக் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் இப்படித்தான் கணக்குப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

1958-ம் ஆண்டில் ஹார்ஸ்ட் பியூக்னர் என்ற வீரர், காடனின் வண்டியில் சுவீடன் பந்தயத்தை வென்றார். 1961-ம் ஆண்டில் 125 சி.சி. எஞ்சின் 25 குதிரை சக்தி கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200 குதிரை சக்தி. காற்றை அழுத்தும் இயந்திரம் இல்லாத எந்த எஞ்சினும் அதற்கு முன் அந்த அளவை எட்டியதில்லை.

போனவர் திரும்பவில்லை

காடனின் சிறந்த வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961-ல் உலகப் பட்டம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்தது. கிழக்கில் இருந்தவர்கள் மேற்கே போக வழி இல்லை.

செப்டம்பர் 17-ந் தேதி சுவீடனில் பந்தயம் நடந்தது. டெக்னரின் எஞ்சின் ஆரம்பத்திலேயே கெட்டுப் போயிற்று. அன்று அவர் தன் குழுவினரிடம் திரும்பவில்லை. மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள்.

டெக்னர் ஜப்பானுக்குப் போனார். சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். காடனின் தொழில் இரகசியங்களும் அவருடன் போயின. 1962-ம் ஆண்டில் சுசுகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் வென்றார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுதான்.

காடனுக்கு எப்படி இருந்திருக்கும்? வயல் உழுதவர் ஒருவர், அறுவடை வேறொருவர் வீட்டில்!

பட்டம் இல்லாத வெற்றி

காடன் பட்டறையை விட்டுப் போகவில்லை. 1963-ம் ஆண்டில் இங்கிலாந்து வீரர் மைக் ஹெயில்வுட், கிழக்கு ஜெர்மனியின் சாக்ஸன்ரிங் பாதையில் எம்.இசட். வண்டியில் வெற்றி பெற்றார். சொந்த நாட்டு மக்களின் எதிரில் கிடைத்த வெற்றி அது.

ஆனால் ஜப்பான் கம்பெனிகளின் பண பலத்துக்கு முன்னால் அந்தச் சிறு பட்டறையால் நெடுநாள் ஈடு கொடுக்க முடியவில்லை. எம்.இசட். வண்டிகள் 13 உலகப் பந்தயங்களை வென்றன. உலகப் பட்டம் மட்டும் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

டெக்னர் 1983-ம் ஆண்டில் இறந்தார். காடன் 1996-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி தமது 76-வது வயதில் காலமானார்.

1975-ம் ஆண்டு முதல் 2001-ம் ஆண்டு வரை 500 சி.சி. உலகப் பட்டங்கள் எல்லாவற்றையும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளே வென்றன. அந்த வண்டிகள் ஒவ்வொன்றிலும் வயிறு பெருத்த அந்தக் குழாய் இருந்தது. பட்டம் யார் யாருக்கோ போயிற்று. குழாயில் காடனின் உழைப்பு இருந்தது.

இனி எங்காவது பழைய டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டியைக் கண்டால், அதன் புகைக் குழாயைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மரச்சட்டம் விற்றுப் பிழைத்த ஒரு மனிதரின் கதை அதற்குள் இருக்கிறது.