படித்துக்கொண்டே பணியாற்றிய பெருமகன் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி

வந்தவாசி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்முள் பல. அவர்தம் பிள்ளைகளுள் சட்டம் பயில விரும்புவோரும் உளர். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் துறைமுகப் பணியையோ ஆலைப் பணியையோ நம்பி வாழும் இல்லங்களில், பிழைப்புக்கு உழைப்பதா, படிப்பதா என்னும் கேள்வி எழாத நாளில்லை. இரண்டையும் ஒருங்கே செய்து, அதற்கு மேலும் தருமத் தொண்டைச் சுமந்த ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் நினைவுகூர விழைகின்றோம்.

வீர்சந்த் காந்தி 1864 ஆகஸ்ட் 25ஆம் நாள், குசராத்தில் பாவ்நகரை அடுத்த மகுவா என்னும் ஊரில் சுவேதாம்பரக் குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளரானார். அப்போது பாலிதானா சமஸ்தானம், சத்ருஞ்சய மலைக்கு வரும் யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் வரி தண்டி வந்தது. இளைஞரான அவர் பம்பாய் ஆளுநர் வரை முறையிட்டார். ஆண்டுக்கு 15,000 ரூபாய் மொத்தமாகச் செலுத்தினால் போதும் என்னும் உடன்பாடு 1886இல் ஏற்பட்டது.

பின்னர் பம்பாயில் அரசின் சட்ட அலுவல்களைக் கவனித்து வந்த லிட்டில், ஸ்மித், பிரியர், நிக்கல்சன் என்னும் பெருநிறுவனத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்துப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கை ஆயத்தம் செய்பவர் சாலிசிட்டர். நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். சாலிசிட்டராக விரும்புவோர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் பத்திரங்களோடும் வழக்குக் கட்டுகளோடும் பழகித் தேர்வும் எழுத வேண்டும். இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பி, பம்பாயில் வழக்கின்றித் தவித்த இளைஞர் மோகன்தாஸ் காந்திக்கு அந்நாளில் துணை நின்றவர் வீர்சந்த். இருவரும் சேர்ந்து உணவுச் சோதனை செய்தனர். பாரிஸ்டர்கள் பல்லாண்டு காத்திருக்க நேர்வதைக் கூறி, தாம் சாலிசிட்டர் வழியைத் தேர்ந்தமைக்கு அதுவே காரணம் என்றும் வீர்சந்த் விளக்கினார். இதனை அண்ணல் தம் சத்திய சோதனையில் பதிவு செய்துள்ளார்.

அலுவலகத்தில் கற்ற கல்விக்கு விரைவில் சோதனை வந்தது. இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த சம்மேத சிகரத்தில், 1891இல் ஆங்கிலேயர் ஒருவர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் ஆலை அமைத்தார். கீழ்நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை. வீர்சந்த் கல்கத்தா சென்று மாதக்கணக்கில் தங்கினார். பழஞ்சாசனங்களைத் தாமே படிக்க வேண்டி வங்கமொழி கற்றார். மேல்முறையீட்டில் ஜைனர் தரப்பு வென்றது, ஆலை மூடப்பட்டது. அந்த மலை திகம்பரருக்கும் சுவேதாம்பரருக்கும் பொதுவான புனித மலை. ஆதலின் அவர் பெற்ற வெற்றி நமக்கும் உரியது.

1893 செப்டம்பரில் சிகாகோவில் சர்வ சமயப் பேரவை கூடியது. அழைப்புப் பெற்ற ஆசார்ய ஆத்மாராம்ஜி முனிவர், துறவு நெறிப்படி கடல் கடக்க இயலாமையால் வீர்சந்தை அனுப்பினார். விவேகானந்தர் உரையாற்றிய அதே அவையில் ஜின தருமத்தை உலகறியச் செய்தார். அயல் நாட்டிலும் புலால் தவிர்த்தார். ஆயினும் கடல் கடந்த குற்றத்துக்காக நம் சமயத்தாருள் சிலரே அவரை விலக்க முனைந்தனர். அந்த எதிர்ப்பைக் கண்டு அவர் தொண்டை நிறுத்தினாரல்லர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சொற்பொழிவுகள் தொடர்ந்தன. நாட்டில் பஞ்சம் வந்தபோது அங்கிருந்து உதவி திரட்டி அனுப்பினார்.

இவ்வளவு உழைப்பை உடல் தாங்கவில்லை. 1901 ஆகஸ்ட் 7ஆம் நாள், 37 வயது நிறையுமுன் காலமானார். 2002இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

சட்டத்தைப் பொருளீட்டும் வழியாக மட்டும் அவர் கருதியிருந்தால், நீண்ட நாள் வளமாக வாழ்ந்திருக்கவும் கூடும். அவரோ எழுத்தர் மேசையில் கற்றதைத் தீர்த்தங்கரர் மலையைக் காக்கச் செலவிட்டார். அதே வேளையில், உடலைப் பேணாது உழைப்போரைத் தாங்க வேண்டிய கடமை சமூகத்துக்கு உண்டு என்பதையும் அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. படிக்கும் பிள்ளை வேலைக்கும் செல்லும் இல்லங்களில், மூத்தோர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பாராக.

ஜின தருமம் ஓங்குக.